கண்மாய்க் கரையில் உட்கார்ந்து இரங்கற்பா எழுதுவது எப்படி

"டீச்சர், பதினாறாம் நாள் அட்டைக்கு நாலு வரி எழுதிக் குடுங்க" என்று வாசலில் வந்து நிற்பவர்கள் எங்கள் பக்கம் அதிகம். ஊரில் தமிழாசிரியை இருந்தால் கல்யாண வாழ்த்துக்கும் அவளிடம்தான் வருவார்கள், கேதத்துக்கும் அவளிடம்தான். வாழ்த்து எழுதிக் கொடுத்துவிடுவேன். இரங்கற்பா மட்டும் எழுதித் தருவதில்லை. திண்ணையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர்களையே எழுத வைப்பேன். இறந்தவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் எழுதும் வரியில் இருப்பது, அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராத நான் எழுதும் வரியில் இருக்காது. எப்படி எழுத வைக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் அண்ணன் போன பிறகு நானும் இதே வழியில்தான் எழுதினேன்.

அண்ணன் எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறை வைத்து மடை திறந்து அடைப்பது அவர் வேலை. அறுப்பு முடிந்ததும் ஊர் நெல் அளந்து கொடுக்கும். தை மாதம், கண்மாய் நிறைந்து கிடந்தபோது இறந்தார்.

முதலில் நான் சொல்வது, கேதம் நடக்கும் நாட்களில் கவிதை எழுத உட்காராதீர்கள் என்பதுதான். அந்த நாட்களில் வீடு நிறைய ஆள் இருக்கும், அழுகை இருக்கும், அடுப்பு வேலை இருக்கும். ஒரு நோட்டு மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். வந்தவர்கள் இறந்தவரைப் பற்றிச் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். "நல்ல மனுசன்" என்று சொன்னால் எழுத வேண்டாம், அதை எல்லோரும் எல்லோரையும் சொல்வார்கள். "போன ஐப்பசியில கரை உடையப் போகுதுன்னு ராத்திரியில வந்து கதவத் தட்டுனாரு" என்று ஒருவர் சொன்னால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பாரி வைக்கும் பெரியம்மாக்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். இறந்தவருடைய மாட்டை, வயலை, அவர் நட்ட தென்னையை, அவர் படுத்த கட்டிலை ஒவ்வொன்றாக அவர்கள் கூப்பிட்டு அழுவார்கள். ஒரே வரியை ஒரு சொல்லை மட்டும் மாற்றித் திரும்பப் பாடுவார்கள். இரங்கற்பாவின் இலக்கணத்தை நம் ஊரில் வாயால் கற்றுத் தருகிறவர்கள் அவர்கள்தான்.

ஆள் கலைந்த பிறகு, ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓர் இடம் போதும். இறந்தவருடைய கை பட்ட இடமாக அது இருக்க வேண்டும். மலை, கடல், அருவி என்று பெரிய காட்சி தேடிப் போக வேண்டாம். அவர் தண்ணீர் ஊற்றிய கருவேப்பிலைக் கன்று போதும், அவர் வண்டி நிறுத்திய புங்கமர நிழல் போதும். எனக்கு மடையை ஒட்டிய கரை. அந்த இடத்துக்கு ஒரே நேரத்தில் போய் வாருங்கள். காலை என்றால் எப்போதும் காலை, பொழுது சாயும் நேரம் என்றால் எப்போதும் அந்த நேரம். வேளை மாறாமல் இருந்தால்தான் மற்றவை மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

அங்கே போய் என்ன செய்வது? பெயர் எழுதுங்கள். "பறவைகள் பாடின" என்று எழுதாதீர்கள், எந்தப் பறவை என்று எழுதுங்கள். எங்கள் கண்மாயில் மடையான், நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, கரையில் ஆள்காட்டி, மின்கம்பியில் கரிச்சான், புதருக்குள் செம்போத்து. "மரங்கள் அசைந்தன" என்று எழுதாதீர்கள். நாட்டுக்கருவையா, சீமைக்கருவையா, பனையா, தைலமரமா? பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது பேச்சு வளரும். "உங்க அண்ணன் இந்த மரத்தடியிலதான் துண்ட விரிச்சுப் படுப்பாரு" என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். ஆறுதல் என்று தனியாக எதையும் நான் தேடிப் போகவில்லை. ஆடு மேய்க்கிறவர் அந்த மரத்தைக் காட்டியபோது அது எனக்குக் கிடைத்தது.

பெயரோடு மாதத்தையும் எழுதுங்கள். கண்மாய்க்கு ஒரு வருஷம் உண்டு. ஐப்பசியில் வரத்துக்காலில் செந்தண்ணீர் வரும். கார்த்திகையில் நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு பாயும். தை, மாசியில் பயிருக்குத் தண்ணீர் போகப் போக உள்வாய், அதாவது கண்மாயின் உட்தரை, மெல்ல வெளியே தெரியும். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடி. ஊரே மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கும். அப்புறம் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அதில் ஆடு நடக்கும். துக்கம் வந்த மாதத்தில் கண்மாய் எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் பாதிக் கவிதை அதிலிருந்தே வந்துவிடும்.

பழைய பாட்டுகளில் சிலவற்றைப் படித்துவிட்டு எழுதுங்கள். இரங்கலுக்குத் தமிழில் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. கழிந்தோரை நினைத்து ஒழிந்தோர் புலம்புவது என்று தொல்காப்பியம் அதைக் காஞ்சித் திணையில் வைத்தது. புறநானூற்றின் பெரிய கையறுநிலைப் பாட்டுகளில் சில எங்கள் வட்டாரத்து மண்ணைப் பாடியவை. பாரியின் பறம்பு மலைதான் இன்றைய பிரான்மலை. இன்னொரு பாட்டில் வரும் பெருஞ்சாத்தன் என்ற வீரனின் ஒல்லையூரைப் புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலம் என்று அறிஞர்கள் சொல்வார்கள். பொன்னமராவதிப் பக்கம் பேருந்தில் போகிற எனக்கு இந்தப் பாட்டுகள் பாடநூலில் இருப்பதாகவே தோன்றுவதில்லை.

ஒல்லையூர்ப் பாட்டைப் பாடியவர் குடவாயிற் கீரத்தனார்.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேல் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே.

சாத்தன் போன பிறகு இளைஞர் பூச்சூட மாட்டார்கள், வளையணிந்த பெண்கள் பறிக்க மாட்டார்கள், யாழின் கோட்டால் கொடியை மெல்ல வளைத்துப் பாணன் சூட மாட்டான், பாடினி அணிய மாட்டாள். முல்லையே, நீயும் பூக்கிறாயா? இங்கே கவனிக்க வேண்டியது, புலவர் முல்லையை அழ வைக்கவில்லை. பூ தன் பாட்டுக்குப் பூக்கிறது. அதை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறார், அவ்வளவுதான். இன்று நமக்கு எழுதத் தோன்றுவது "பூக்களும் உனக்காகக் கண்ணீர் சிந்தின" என்றுதான். பூ கண்ணீர் சிந்தாது. நம் வீட்டில் இவ்வளவு நடந்தும் அது பூத்துத் தொலைக்கிறதே என்பதுதான் வலி, கொஞ்ச நாள் போனால் அதுவே ஆறுதலாகவும் மாறும். இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டுமானால் பூவைப் பூவாக விட்டுவிடுங்கள்.

அடுத்தது கபிலர் பாரியை இழந்து பாடிய பாட்டு. அண்ணனுக்குப் பிறகு நான் திரும்பத் திரும்பப் படித்தது இதைத்தான்.

அறையும் பொறையும் மணந்த தலைய
எண்ணாள் திங்கள் அனைய கொடுங்கரைத்
தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ
கூர்வேல் குவைஇய மொய்ம்பின்
தேர்வண் பாரி தண்பறம்பு நாடே.

பாறையும் குன்றும் சேர்ந்த இடத்தில், எட்டாம் நாள் பிறைபோல வளைந்த கரையுடைய தெளிந்த நீர்ச் சிறுகுளம் உடைந்து போகிறது, தேர் கொடுத்த பாரியின் குளிர்ந்த பறம்பு நாட்டில். ஐந்தே அடி. அழுதேன் என்று இல்லை, ஐயோ என்று இல்லை, பாரி இறந்தான் என்றுகூட இல்லை. குளம் உடைகிறது. பார்க்க ஆள் இல்லாத குளம்தான் உடையும். கரையில் எலி வளை போட்டால் யார் மண் வைத்து மிதிப்பது, மடையில் கசிவு வந்தால் யார் இறங்கிப் பார்ப்பது என்று கவலைப்பட்ட வீட்டில் பிறந்தவளுக்கு இந்த ஐந்து அடியை வாசிக்க விளக்கவுரை தேவைப்படவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பயிற்சி. இறந்தவர் செய்துவந்த வேலைகளில் எது இப்போது செய்யப்படாமல் கிடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலை நின்றுபோனதால் செடியில், மரத்தில், தண்ணீரில், மாட்டில் என்ன மாறியிருக்கிறது? என்னிடம் படித்த பையன் ஒருவன் அம்மாவை இழந்துவிட்டு "கண்ணீர்க் கடலில் தவிக்கிறேன் தாயே" என்று எழுதிக்கொண்டு வந்தான். உங்கள் கொல்லையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "முருங்கை நிக்குது டீச்சர். பூராவும் கம்பளிப்பூச்சி. அம்மா இருந்தா பந்தம் புடிச்சிருக்கும்" என்றான். அதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு அந்த இடத்திலேயே அழுதான். கடல் என்று எழுதியபோது அவன் அழவில்லை.

எது உங்களை அழ வைக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கவும் தொல்காப்பியம் ஒரு வழி தருகிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது மெய்ப்பாட்டியல். பிறர் நம்மைத் தாழ்வாக நடத்துவது, இழப்பு, முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வருவது, இல்லாமை. ஒரு சாவில் இந்த நான்கும் கலந்து வரும். அண்ணன் போனது இழவு. மடைச்சாவி எங்கள் வீட்டு ஆணியிலிருந்து வேறு வீட்டுக்குப் போனது அசைவு. நெல் வராமல் போனது வறுமை. ஒரு கவிதையில் நான்கையும் திணிக்காதீர்கள். எது உங்கள் தொண்டையை இன்று அடைக்கிறதோ அதை எடுங்கள், மற்றவற்றுக்குத் தனித்தனியாக எழுதலாம். சின்ன மனக்கசப்பைப் பற்றி எழுத வெட்கப்பட வேண்டாம். "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்" என்று தொடங்கும் பாரி மகளிர் பாட்டில் தந்தையை இழந்ததும் இருக்கிறது, குன்றை வேந்தர் கொண்டதும் இருக்கிறது. அன்றைக்கும் அதே நிலா, இன்றைக்கும் அதே நிலா என்று நிலாவை மட்டும் மாறாமல் நிறுத்தியதால் மற்றதெல்லாம் போனது தெரிகிறது. உங்கள் இடத்திலும் மாறாமல் நிற்பது எது என்று பாருங்கள். கவிதைக்குள் அது கட்டாயம் வர வேண்டும்.

எழுதும் முறைக்கு வருகிறேன். நோட்டில் குறிப்புகள் சேர்ந்ததும் முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள், தனியாக, சத்தமாக. இறந்தவரை நோக்கிச் சொல்லலாம். ஆனால் "நீ ஏன் போனாய்" என்பது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒப்பாரியில் அதைத் தாங்கிப் பிடிக்க ராகம் இருக்கிறது, தாளில் இல்லை. கீரத்தனார் போலச் செடியை, பறவையை, தண்ணீரை நோக்கிப் பேசிப் பாருங்கள், பேச்சு நீளும். பெயரடைகளைக் குறையுங்கள். "அழகிய", "இனிய", "நீங்காத" என்பவற்றை எடுத்துவிட்டு வினைச்சொல்லைத் தேடுங்கள். கொய்யார், சூடார், அணியாள், கீள்வது. பழைய பாட்டுகள் வினையில்தான் நிற்கின்றன.

அஞ்சலி சுவரொட்டிகளில் வரும் சொற்களை ஒரு தாளில் எழுதி ஒதுக்கி வையுங்கள்: மண்ணுலகை விட்டு மறைந்தாலும், விண்ணில் விண்மீனாக, நீங்கா நினைவுகளுடன். அவற்றைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அவசரத்தில் கிடைத்ததைச் சொன்னார்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது. காக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. படையல் சோற்றை எடுக்க வரும் காக்கையில் முன்னோரைப் பார்ப்பது நம் வழக்கம், நானும் வைக்கிறேன், கூப்பிடுகிறேன். கவிதையில் வைப்பதானால் பொதுவான காக்கை வேண்டாம். நீங்கள் பார்த்த ஒரு காக்கை, அது என்ன செய்தது, எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தது, அப்பளத்தை எடுத்ததா சோற்றை எடுத்ததா என்று இருந்தால் வையுங்கள்.

நான் எழுதியதை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். யாருக்கும் முதலில் வருவது இப்படித்தான் வரும்:

கரையெல்லாம் உன் நினைவு
அலையெல்லாம் என் கண்ணீர்.

ஓசை இருக்கிறது. எந்தக் கரை, யார் அண்ணன் என்று கேட்டால் பதில் இல்லை. எந்த ஊர்க்காரரும் எந்த அண்ணனுக்கும் இதை எழுதலாம். இனி நோட்டைத் திறக்க வேண்டும். என் நோட்டில் இருந்தவை: மடைப்பலகை. நாணல். ராத்திரி கரையில் ஆள் நடந்தால் ஆள்காட்டி கத்தும். அண்ணன் முறைத்தண்ணீர் அடைத்துவிட்டு நடுச்சாமத்தில் திரும்பும்போது அது கத்தும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும், அண்ணி எழுந்து விளக்கைப் போட்டுச் சோற்றுச் சட்டியை இறக்குவார். இப்போதும் கத்துகிறது, நரியோ மாடோ நடந்திருக்கும். இவ்வளவும் கவிதைக்குள் போக வேண்டியதில்லை.

மடைப்பலகை நனைந்து கிடக்கிறது
உள்வாயில் நாணல் சாய்ந்திருக்கிறது
நடுச்சாமம்
கரையில் கத்துகிறாயே ஆள்காட்டி
யாரைக் கண்டாய்?
அண்ணி விளக்கைப் போட்டுவிட்டார்.

அண்ணன் என்ற சொல்லை எடுத்துவிட்டேன், அண்ணி இருப்பதால் அவர் தெரிகிறார். சோற்றுச் சட்டியையும் வைத்துப் பார்த்தேன், விளக்கு ஒன்றே போதும் என்று பட்டது. கடைசி வரியை ஒரு கருத்தில் முடிக்காமல் ஒரு செயலில் முடியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். "இனி வரமாட்டார் என்று அறியாமல்" என்று ஒரு வரி சேர்த்தால் அண்ணியை நாம் ஏதுமறியாதவர் ஆக்கிவிடுவோம். அவருக்குத் தெரியும். தெரிந்தும் கை சுவிட்சுக்குப் போகிறது.

மரபில் எழுத விரும்புகிறவர்கள் நேரிசை ஆசிரியப்பாவை எடுங்கள். அகவலோசை பேச்சுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது, வெண்பாவின் தளைக் கட்டுப்பாடு துக்கத்தில் இருப்பவரைச் சொல் தேட வைத்து அலைக்கழிக்கும். அடிக்கு நாலு சீர், கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று சீர், ஏகாரத்தில் முடிவு. மேலே தந்த சிறுகுளப் பாட்டைச் சத்தமாகப் படியுங்கள். "கூர்வேல் குவைஇய மொய்ம்பின்" என்று நாலாவது அடியில் ஒரு சீர் குறையும் இடத்தில் படிக்கிறவர் மூச்சு தடுக்கும். அந்தத் தடுக்கலுக்குப் பிறகுதான் பாரியின் பெயர் வருகிறது. உங்கள் பாட்டிலும் இறந்தவர் பெயரை அதற்கு அடுத்த அடியில் வைத்துப் பாருங்கள்.

நகரத்தில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் எங்களுக்கு எங்கே கண்மாய் என்று கேட்பார்கள். தெருவில் ஒரு வேம்பாவது நிற்கும். பங்குனி, சித்திரையில் அது பூத்து வாசலில் உதிரும், ஆனி, ஆடியில் பழம் விழுந்து காலில் ஒட்டும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தெரியும் வானம் உண்டு, பருந்து உண்டு. அம்மா வைத்துவிட்டுப் போன துளசித் தொட்டி உண்டு, அதில் தானாக முளைத்த ஏதோ ஒரு களை உண்டு. அந்தக் களையைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று நீங்கள் தயங்கி நின்ற நேரத்தை எழுதுங்கள்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தால் கரைக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

எழுதி முடித்ததை வீட்டில் மற்றவர்களுக்கு முதலில் காட்டுங்கள், குறிப்பாகக் கவிதைக்குள் வந்திருப்பவர்களுக்கு. நான் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "நாணல் சாயாது, கோரைதான் சாயும், அங்க நிக்கிறது கோரை" என்றார். போய்ப் பார்த்தேன், கோரைதான். அட்டையில் கோரை என்று மாற்றித்தான் போட்டோம். இப்படித் திருத்துவதற்கு வீட்டில் ஆள் இருப்பது பெரிய கொடுப்பினை, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

பதினாறாம் நாளுக்குள் எழுத வரவில்லையென்றால் அட்டையில் பெயரும் தேதியும் மட்டும் இருக்கட்டும். முதலாம் ஆண்டு நினைவுக்கு எழுதலாம், அதற்குள் அந்த இடம் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கும், உங்கள் நோட்டிலும் பன்னிரண்டு மாதமும் இருக்கும். திதியன்று படையல் போட்ட பிறகு, இலை எடுப்பதற்கு முன், சின்னப் பிள்ளைகளில் ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் படித்தால் குரல் உடைந்து பாதியில் நின்றுவிடும். அச்சகத்தில் "ஆறு வரிக்கு மேல எடம் இல்ல" என்பார்கள். படத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள், வரியை வெட்டக் கொடுக்காதீர்கள்.